எடை குறைந்த லென்ஸ்

கேமராவின் பொத்தானைப் பாதி அழுத்தினால் அந்த லென்ஸ் உள்ளுக்குள் முனகும். காதுக்கு எட்டுகிற சத்தம் இல்லை அது. கல்யாண மண்டபத்து இரைச்சலில் யாருக்கும் கேட்காது. லென்ஸைத் தாங்கிப் பிடிக்கிற இடது உள்ளங்கைக்குத்தான் தெரியும். பிடிக்கிறவர் கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் இருப்பதற்காக உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறது, அந்த அதிர்வு. விரலை எடுத்தால் இரண்டு மூச்சு விடுகிற நேரம் ஓடிவிட்டு, 'டக்' என்று நின்றுபோகும். போன வாரம் வேலூரில் கேமரா கடையின் கவுண்டரில் என்னிடம் இருந்த மூன்று லென்ஸ்களையும் வரிசையாக எடுத்து வைத்தேன். முதல் இரண்டையும் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். மூன்றாவதைக் கொடுக்கப் போனபோது என் கை அதை விடவில்லை. "மேடம், இதுவும் எக்ஸ்சேஞ்சுக்குத்தானே?" என்றார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் லென்ஸின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூர் பஜாரில் ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. நான் மாதனூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். தைத்து வருகிற ஷூவின் மேல்தோலை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சுருக்கம், தையல் விட்ட இடம், பசை வழிந்த இடம் எதுவும் இல்லை என்றால் 'பாஸ்', இருந்தால் 'ரிஜெக்ட்'. கண்ணை விட விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் பாஸா, ரிஜெக்டா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் அந்த மனுஷர். என் அப்பா முறைத்ததும் காபி டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்கள்தான் எங்களுக்குப் பெரிய வேலை. அங்கே பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் நுழைய முடியாது. "லேடி யாரும் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூடியோ வாசலிலிருந்து திரும்பிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே பொறுக்கவில்லை. "இருக்காங்கன்னு சொல்லுங்க" என்றேன் ஒருநாள். கம்பெனி வேலையை விட்டேன், கேமராவைப் பிடித்தேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம், நடுவில் ஒரு திரை.

அந்தத் திரையைச் சொல்லாமல் எங்கள் பிழைப்பைச் சொல்ல முடியாது. மண்டபத்தின் குறுக்கே கம்பி கட்டி, பச்சையோ மெரூனோ, கனத்த துணி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையை மட்டும் இந்தப் பக்கம் அழைத்து வருவார்கள். மணப்பெண்ணின் அருகில் உட்கார வைத்து, இருவர் தலைக்கும் மேலே சிவப்புத் துப்பட்டாவை விரித்து, முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடிப்பார்கள். அந்த வீட்டு வழக்கத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது அந்தக் கண்ணாடிக்குள்தான். ஜல்வா என்பார்கள். ஆல்பத்தை முதலில் புரட்டுகிற கை அந்தப் படத்தைத்தான் தேடும். அதைக் கிட்டே போய் எடுத்தால் கண்ணாடியில் என் மூஞ்சியும் சேர்ந்து விழும். என் முதல் கல்யாணத்தில் விழுந்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் பேய் மாதிரி நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்பப்பா. தள்ளி நின்று, பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, எல்லார் தலைக்கும் மேலாக நீளமான ஜூம் லென்ஸில் எடுத்தால்தான் அந்தப் படம் சரியாக வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கால் வீங்குகிறது, மண்டபத்தில் நின்று நின்று வீங்குகிறது என்று நினைத்தோம். வேலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். அதற்காக இடது மணிக்கட்டில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து, இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்து வைத்தார்கள். ஃபிஸ்டுலா என்றார்கள். "இந்தக் கைதான் இனிமே உங்க உயிரு. வாட்ச் கட்டக் கூடாது, இந்தக் கையில பிரஷர் பாக்க விடக் கூடாது, இதத் தலைக்கு வச்சிப் படுக்கக் கூடாது, வெயிட்டு தூக்கவே கூடாது" என்று நர்ஸம்மா அடித்துச் சொன்னார். என் விரலைப் பிடித்து அவருடைய மணிக்கட்டில் வைத்தார். தோலுக்கு அடியில் கிர்ர்ர் என்று ஓடியது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டைப் போட்டு மூடினால் விரலுக்குத் தெரியுமே, அப்படி. "தினமும் தொட்டுப் பாருங்க. இது ஓடுற வரைக்கும் நல்லா இருக்குன்னு அர்த்தம். நின்னு போனா உடனே ஓடியாந்துடணும்" என்றார். அன்றிலிருந்து என் விரலுக்குப் பழைய வேலையே திரும்பக் கிடைத்தது. காலையில் கண் விழித்ததும் மணிக்கட்டைத் தொடுவேன். "பாஸா?" என்பார், கண்ணைத் திறக்காமலே. "பாஸ்" என்று சொன்ன பிறகுதான் எழுந்து காபி போடப் போவேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு மாறினோம். அதுவரை வைத்திருந்த சின்ன சென்சார் கேமராவில், மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் படமெல்லாம் மணல் தூவினது போல வரும். பழைய ஃபுல் ஃப்ரேம் கேமரா இரண்டு கிடைத்தன. ஆனால் எங்கள் லென்ஸ்கள் எதுவும் அதற்கு ஆகாது. மாட்டினால் படத்தின் நாலு மூலையும் கறுத்துப் போகும். எல்லாவற்றையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு செட் வாங்குகிற வசதி இல்லை, இருவருக்கும் சேர்த்து மூன்று ஜூம் லென்ஸ் என்று முடிவாயிற்று. மணப்பெண் அறை மாதிரி நெருக்கடியான இடத்துக்கு அகலமானது ஒன்று. குரூப் போட்டோவுக்கு நடுத்தரமானது ஒன்று. நிக்காஹ் மேடைக்கும் ஜல்வாவுக்கும் நீளமானது ஒன்று. டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கிற நேரமெல்லாம் வலது கையில் போனை வைத்துக்கொண்டு லென்ஸ் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். பக்கத்துக் கட்டிலில் ஆலங்காயத்து விவசாயி ஒருவர். கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர் போனை எட்டிப் பார்த்து, "எப்பா, வாங்குறதுதான் வாங்குற, பெருசா பாத்து வாங்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரும் அதைப் பிடித்துக்கொண்டார். மெஷினில் படுத்திருக்கும்போது அவர் முகத்தில் சந்தோஷத்தை நான் பார்த்தது அந்த லென்ஸ் பேச்சில் மட்டும்தான்.

நீளமான ஜூமில் இரண்டு வகை உண்டு. ஒன்று அதிக வெளிச்சத்தை உள்ளே விடும், பெரிய கல்யாணங்களை எடுக்கிறவர்கள் எல்லாம் வைத்திருப்பது. தூக்கினால் கை இறங்கும். இன்னொன்று வெளிச்சத்தைக் கொஞ்சம் கம்மியாக விடும், எடை அதில் பாதிதான். என் வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பித்தானையும் மாட்டிக்கொண்டு வேலூர் கடைக்கு வந்தார். கடைக்காரர் பெரியதை எடுத்து நீட்டினார். "சார், தொழில்காரங்கன்னா இதுதான். சின்னதெல்லாம் டூர் போறவங்க மாட்டிக்கினு போறது." அவர் அதைக் கேமராவில் மாட்டி, இடது கையால் தாங்கி, கண்ணில் வைத்தார். தாங்குகிறது அந்தக் கை. சட்டைத் துணிக்கு அடியில் நரம்பு புடைத்து நிற்பது எனக்குத் தெரிகிறது, கடைக்காரருக்குத் தெரியவில்லை. "சூப்பரா இருக்கும்மா, பாரு" என்று என்னைப் பார்த்தார். புதுச் சைக்கிளைப் பார்த்த பையன் மாதிரி ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "சின்னதே குடுங்க." கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். "சின்னதே குடுங்கண்ணா. அதுல கை நடுங்கினா சரிபண்ற மெஷின் இருக்குதில்ல, அது போதும்." என் வீட்டுக்காரர் பெரிய லென்ஸை மெதுவாகக் கழற்றி, மூடி போட்டு, கவுண்டரில் வைத்தார்.

பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்னப் பேஷண்டுன்னு கடக்காரனுக்குக் காட்டிட்டே இல்ல?" என்றார் கடைசியில். "நான் இன்னா சொன்னேன் அவருகிட்ட? ஒண்ணும் சொல்லல." "சின்னது குடுங்கன்னியே, அது போதாதா? தொழில்ல இனிமே நான் சின்னதுதான்னு நீயே எழுதிட்டே." எனக்கும் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் கம்பெனி முடிந்து போகிற பொம்பளைகள், எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். "போட்டோ நல்லா வர்லன்னா வர்லன்னு போவுது. இந்தக் கை எனக்கு வேணும். வேணும்னு சொல்றது தப்பா?" என்று கேட்டேன். மாதனூர் நிறுத்தத்தில் கூட்டம் இறங்கியதும் என் மடியிலிருந்த லென்ஸ் பெட்டியை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "சரி விடு. பேஜார் பண்ணாத" என்றார்.

அடுத்த கல்யாணத்திலிருந்து வேலை இப்படி அமைந்தது. நிக்காஹ் வரைக்கும் நீளமான லென்ஸ் அவரிடம். மேடையைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பின்னாலிருந்துதான் எடுக்க முடியும். அகலமானதும் நடுத்தரமானதும் என்னிடம். நிக்காஹ் முடிந்து அந்தப் பக்கம் குரூப் போட்டோ ஆரம்பிக்கிற நேரம்தான் இந்தப் பக்கம் ஜல்வா. அப்போது லென்ஸ் கை மாற வேண்டும். சுவர் ஓரமாகத் திரை முடிகிற இடத்தில் வந்து குனிந்து தொண்டையைக் கனைப்பார். திரைக்கு அடியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கை மட்டும் வெளியே வரும், அதில் நீளமான லென்ஸ். நான் அதை வாங்கிக்கொண்டு நடுத்தர லென்ஸை வைப்பேன். அவர் நீட்டுவது இடது கை. திரைக்குப் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கிற வயசான அம்மாக்களுக்கு அது பொறுக்காது. "இன்னாம்மா இது, உன் தூல்ஹா பீச்சாங்கையில குடுக்கிறாரு? யாரும் சொல்லித் தர்லியா?" என்று ஒரு அம்மா கேட்டே விட்டார். மாப்பிள்ளையைத்தான் தூல்ஹா என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு நரை விழுந்த பிறகும் அந்தப் பக்கத்து அம்மாக்களுக்கு அவர் தூல்ஹாதான். வலது கையில் கேமரா இருக்கிறது, அதனால் இடது கையை நீட்டுகிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லென்ஸை வாங்குகிற சாக்கில் என் விரல் அந்த மணிக்கட்டைத் தொட்டுவிட்டு வரும். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ரகசியமாக ஒரு குரல் வரும்: "பாஸா?" நானும் குனிந்து துணியிடம் சொல்வேன்: "பாஸ்."

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன், ஏன் அந்தக் கையையே நீட்டுகிறீர்கள், அவர்கள் தப்பாக நினைக்கிறார்களே என்று. "காலைலேர்ந்து நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ பயந்துக்கினே எடுக்கிற. தொட்டுப் பாத்துட்டுப் போனியானா ஜல்வா ஷார்ப்பா வருது. படத்துல தெரியுது மே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சோற்றைப் பார்த்துக்கொண்டே, "பெரிய லென்ஸ வாங்கியிருந்தா இந்தக் கையில நீட்டியிருக்க முடியாது" என்றார். அந்த லென்ஸ் விஷயத்தில் நான் செய்தது சரி என்று அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தரம்தான். எனக்கு அது போதும். இன்றைக்கும் போதும்.

அன்றைக்கு வாணியம்பாடியில் கல்யாணம். பெண்ணின் அப்பா தோல் வியாபாரி, பெரிய கூட்டம், மண்டபத்துக்குள் வெக்கை தாங்க முடியவில்லை. முந்தின நாள் டயாலிசிஸில் அவருக்குப் பிரஷர் இறங்கி, கிறுகிறுப்பாக இருந்தது என்று சொல்லியிருந்தார். காலையில் தொட்டுப் பார்த்தேன், ஓடியது. நிக்காஹ் முடிந்து அந்தப் பக்கம் சலசலப்பு எழுந்தது. இந்தப் பக்கம் மாப்பிள்ளையை அழைத்து வந்து உட்கார வைத்துவிட்டார்கள், துப்பட்டாவை விரிக்கிறார்கள். திரைக்கு அடியிலிருந்து கை வந்தது. லென்ஸைப் பிடித்தேன், விரலை மணிக்கட்டில் வைத்தேன். ஒன்றும் இல்லை. விரலைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தேன். அழுத்தி வைத்தேன். வெறும் தோல், ஈரமாக, சும்மா இருந்தது. "பாஸா?" என்றது அந்தப் பக்கம்.

"ஏங்க, ஓடலைங்க. வெளிய வாங்க, இப்பவே போவலாம்" என்றேன். சத்தமாகவே சொல்லியிருப்பேன் போல, பக்கத்து அம்மாக்கள் திரும்பினார்கள். சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவரும் தன் வலது கையால் தொட்டுப் பார்த்திருப்பார். பிறகு குரல் வந்தது, கல்யாண வேலையில் கட்டளை போடுவாரே அந்தக் குரல்: "நீ ஜல்வாவ எடு மொதல்ல. அந்தப் பொண்ணுக்கு அது திரும்ப வராது. நான் வண்டி பாக்கிறேன்." நான் நாற்காலி மேல் ஏறினேன். லென்ஸை மாட்டி, பொத்தானைப் பாதி அழுத்தினேன். இடது உள்ளங்கையில் கிர்ர்ர் என்று ஓடியது. எத்தனையோ கல்யாணத்தில் அந்த லென்ஸைப் பிடித்திருக்கிறேன், அது அவர் மணிக்கட்டு மாதிரியே ஓடும் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. கண்ணாடிக்குள் அந்தப் பெண் தலை நிமிர்ந்து சிரித்தாள். எடுத்தேன். அந்தப் படம் நடுங்காமல் வந்திருக்கிறது. நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் கையை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனேன். தேய்த்தால் வந்துவிடும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். திறந்து பார்த்தார்கள், மறுபடி அடைத்தது. பிறகு கழுத்தில் ஒரு குழாய் போட்டு டயாலிசிஸ் ஓடியது. அங்கே தொற்று வந்தது, குளிர் ஜுரம் வந்தது, போனது, மறுபடி வந்தது. கடைசி நாட்களிலும் காலையில் என் கையைத் தேடி எடுத்து அந்த இடது மணிக்கட்டில் வைத்துக்கொள்வார். அங்கே எதுவும் ஓடவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். "பாஸா?" என்பார். நான் பொய் சொல்ல மாட்டேன், செக்கிங்கில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நெற்றியைத் தொட்டு, "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்பேன். அதற்கும் சிரிப்பார். அந்த வாணியம்பாடி கல்யாணத்து ஆல்பம் அச்சாகி வந்தபோது அவர் இல்லை.

இப்போது ஆண்கள் பக்கம் வேறு ஸ்டூடியோக்காரர் ஒருவர் வருகிறார். அவரிடம் அவருக்கென்று முழு செட் இருக்கிறது, என்னிடம் எனக்கென்று முழு செட் இருக்கிறது. லென்ஸ் கை மாற வேண்டிய அவசியமே இல்லை. இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் நானே மாற்றிக்கொள்கிறேன். ஒரு லென்ஸ் மூடிக்குக்கூட திரைப் பக்கம் போக வேண்டியதில்லை. ஆனாலும் நிக்காஹ் முடிந்து சலசலப்பு எழுந்ததும் என் கால் தானாக அந்தச் சுவர் ஓரத்துக்குப் போகும். போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வரும். ஒருமுறை அந்தப் பழைய அம்மாக்களில் ஒருவர் என் கையைப் பிடித்து, "உன் தூல்ஹா எங்கம்மா? பீச்சாங்கையையும் காணோம்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சொன்னேன். அந்த அம்மா என் கையை விடவே இல்லை; தன் துப்பட்டாவை இழுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டு, "போம்மா, ஜல்வா ஆரம்பிச்சிட்டாங்க, போய் எடு" என்றார்.

என் பழைய கேமரா இந்த வருஷம் மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது. சர்வீஸில் உதிரிபாகம் வருவதில்லை என்று கை விரித்துவிட்டார்கள். அதனால்தான் போன வாரம் அதே கடைக்குப் போனேன். இப்போது உள்ளே கண்ணாடியில்லாத 'மிரர்லெஸ்' கேமராக்கள், அவற்றுக்கு வேறு லென்ஸ்கள். மறுபடியும் ஒரு செட் தேர்ந்தெடுக்க வேண்டும், இந்தத் தடவை தனியாக. கடைக்காரருக்கு என்னை நினைவில்லை. பொறுமையாக எடுத்துக் காட்டினார். அகலமானதும் நடுத்தரமானதும் சீக்கிரமே முடிவாகிவிட்டன, அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. நீளமானதில் புது மாடலை மாட்டிக் கொடுத்தார். இடது கையால் தாங்கினேன், பொத்தானைப் பாதி அழுத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினேன். கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். "இன்னா மேடம் பாக்கறீங்க? ஓடுது, ஸ்கிரீனப் பாருங்க, ஆடாம நிக்குது" என்றார். "ஓடுறது கைக்குத் தெரியலையே" என்றேன். அவருக்குப் பெருமை. "அதான் மேடம் புது மாடல். சத்தமும் வராது, அதிர்வும் வராது. பழசு மாதிரி உள்ள பூச்சி ஓடாது." கழற்றிக் கொடுத்துவிட்டேன். ரிஜெக்ட். பழையதைப் புதுக் கேமராவில் மாட்ட ஒரு அடாப்டர் இருக்கிறது என்று வாயைக் கிளறித் தெரிந்துகொண்டேன். "இருக்குது, ஆனா இன்னாத்துக்கு மேடம்? இவ்ளோ செலவு பண்ணிட்டு?" என்றார். புதுக் கேமராவோடு அடாப்டரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரில் கல்யாணம். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றேன். சிவப்புத் துப்பட்டா விரிந்தது, கண்ணாடியைப் பிடித்தார்கள். இரண்டு முகமும் அதற்குள் வந்தன, எடுத்தேன். இன்னொன்றும் எடுத்தேன். துப்பட்டாவை மடித்துவிட்டார்கள், பெண்ணைச் சுற்றிச் சிரிப்பும் கலாட்டாவும் ஆரம்பமாகிவிட்டது. நான் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை. விரல் பொத்தானைப் பாதி அழுத்தினபடியே இருந்தது. இடது உள்ளங்கையில் கிர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தால் நின்றுவிடும். பெண்ணின் அத்தை கீழே நின்று என் புடவையை இழுத்தார்.

"இன்னாம்மா, முடிஞ்சிச்சா? எடுத்தாச்சா?"

"இல்லம்மா" என்றேன். "இன்னும் கொஞ்சம் இருக்குது."